அடுத்து எந்தக் கோளுக்குப் போவது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கயல்விழி_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் வானியல் மன்றப் பிள்ளைகள், எந்தக் கோளுக்கு எந்தெந்த விண்கலம் போயிருக்கிறது என்று ஒரு சார்ட் எழுதினார்கள். செவ்வாய்க்கான கட்டத்தில் இடம் பத்தாமல் இன்னொரு தாளை ஒட்ட வேண்டியிருந்தது. யுரேனஸுக்கு ஒரே பெயர்: வாயேஜர் 2, 1986. நெப்டியூனுக்கும் அதே கலம்தான், 1989. இரண்டு இடத்திலும் அது நிற்கவில்லை, கடந்து போனதோடு சரி.

சார்ட்டைப் பார்த்த ஒரு மாணவி, "அதுக்கப்புறம் ஏன் டீச்சர் யாருமே திரும்பப் போகலை? வேண்டாம்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டாள். தூரம், செலவு என்று சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது முழுப் பதிலாகத் தெரியவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். சூரியக் குடும்பத்தில் அடுத்து எங்கே போவது என்பதை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? விஞ்ஞானிகள் ஓட்டுப் போடுகிறார்களா? அரசு சொல்வதுதான் நடக்கிறதா? செவ்வாயில் உயிரின் தடயம் தேடுவதையும் யுரேனஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதையும் எப்படி ஒப்பிடுகிறார்கள்? நம் இஸ்ரோவில் இது எப்படி நடக்கிறது? நீளமாக எழுதினாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

இரவுவானம்_மதுரை

டீச்சர், நீங்கள் சொன்ன பதிலில் தவறில்லை. செவ்வாய்க்கு 26 மாதத்துக்கு ஒரு தடவை ஏவும் வாய்ப்பு வரும், ஏழு மாதத்தில் போய்ச் சேரலாம். யுரேனஸ் சூரியனிலிருந்து நம்மைவிட 19 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் வெயில் பூமியில் கிடைப்பதில் சுமார் 370-இல் ஒரு பங்குதான். சோலார் பேனலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, தானே வெப்பம் தரும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-238-ஐ வைத்துத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தயாராகிறது. பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போகிறார்கள், அவ்வளவுதான்.

நிலா_வெளிக்கோள்

இரவுவானம் சொன்ன தடைகள் எல்லாமே நிஜம். ஆனால் அதைவிடத் தொலைவில் இருக்கும் புளூட்டோவுக்குக் கலம் போயிருக்கிறது. சனியை காசினி என்ற கலம் 13 ஆண்டு சுற்றியது. ஆக, தூரம் இருந்தாலும் வேண்டும் என்று முடிவெடுத்தால் போகிறார்கள். அந்த "வேண்டும்" எங்கே பிறக்கிறது என்பதுதான் உங்கள் மாணவியின் கேள்வி. நல்ல கேள்வி.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் உழைத்தது வாயேஜர் 2 யுரேனஸில் எடுத்த காந்தப்புலத் தரவுகளில். அந்தக் கோளுக்குக் கலம் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. டெகேடல் சர்வே என்று சொல்வார்கள், பத்தாண்டுக்கு ஒரு தடவை வரும் அறிக்கை. நாசா கேட்டு நடப்பதுதான், ஆனால் எழுதுவது நாசா இல்லை. தேசிய அறிவியல் கழகம் அமைக்கும் குழு எழுதுகிறது. கோள் அறிவியலுக்கு இதுவரை மூன்று அறிக்கைகள் வந்திருக்கின்றன: 2002, 2011, 2022. கடைசி அறிக்கை 2023 முதல் 2032 வரைக்குமானது. ராபின் கேனப், பிலிப் கிறிஸ்டென்சன் இருவரும் அதன் இணைத் தலைவர்கள்.

அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2020-இல் துறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கருத்துத்தாள் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். ஐந்நூறுக்கும் மேல் குவிந்தன. நான் கையெழுத்திட்டதும் அதில் ஒன்று. பேராசிரியரும் முதலாண்டு ஆராய்ச்சி மாணவரும் ஒரே தாளில் பெயர் போட்டிருப்பார்கள். அப்புறம் ஆறு குழுக்கள் உட்கார்ந்தன: புதன்-நிலவு, வெள்ளி, செவ்வாய், சிறுகோள்கள் முதலிய சிறு பொருள்கள், பெருங்கோள்கள், அப்புறம் பனிக்கு அடியில் கடல் இருக்கும் உலகங்களும் புளூட்டோ போன்ற குறுங்கோள்களும். கொரோனா காலம் என்பதால் பெரும்பாலும் இணையத்தில்தான் கூடினார்கள். பொது அமர்வுகளை யாரும் பார்க்கலாம். ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசியாக வேண்டும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, கோள்களை வரிசைப்படுத்துவதற்கு முன் கேள்விகளை எழுதிக்கொண்டதுதான். பன்னிரண்டு கேள்விகள். கோள்கள் பிறப்பதற்கு முன் சூரியனைச் சுற்றியிருந்த வாயு-தூசித் தட்டில் என்ன இருந்தது? பெருங்கோள்கள் எப்படி உருவாயின? ஒரு கோளின் உள்ளும் புறமும் எப்படி மாறுகின்றன? உயிர் வாழத் தகுந்த சூழல் எங்கே உண்டாகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது? இப்படிப் போகும். அதன்பிறகு ஒவ்வொரு திட்டத்தையும் எடுத்து, இது எத்தனை கேள்விகளைத் தொடுகிறது, எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்று பார்த்தார்கள். நீங்கள் கேட்ட செவ்வாய்-யுரேனஸ் ஒப்பீடு இப்படித்தான் நடக்கிறது. இடத்தோடு இடத்தை ஒப்பிட்டால் விடை வராது.

இன்னொரு படியும் உண்டு. திட்டத்தை முன்வைப்பவர்கள் சொல்லும் செலவை அப்படியே ஏற்பதில்லை. ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற வெளி அமைப்பு தனியாகக் கணக்குப் போடும். 2011 அறிக்கையில் வியாழனின் துணைக்கோளான யுரோப்பாவைச் சுற்றிவரும் திட்டத்துக்கு அந்தக் கணக்கு 470 கோடி டாலர் காட்டியது. அறிவியல் அருமை, ஆனால் இந்த விலைக்கு முடியாது, சுருக்கிக்கொண்டு வாருங்கள் என்று அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. சுருக்கினார்கள். யுரோப்பாவைச் சுற்றாமல் வியாழனைச் சுற்றியபடியே அதைப் பலமுறை கடந்து பார்க்கும் கலமாக அது மாறியது. அதுதான் 2024 அக்டோபரில் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர். 2030-இல் வியாழனை அடையும். அந்தப் பட்டியலில் யுரேனஸ் மூன்றாவது. மூன்றாவது இடத்துக்கு அந்தப் பத்தாண்டில் எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்: வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அடுத்த தடவை என்றுதான் சொன்னார்கள்.

2022-இல் அந்த அடுத்த தடவை வந்தது. முதல் கடமை, செவ்வாயின் பாறை மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவர ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையை முடிப்பது. புதிதாகத் தொடங்கும் பெரிய திட்டங்களில் முதலிடம் யுரேனஸுக்கு. அதைச் சுற்றிவர ஒரு கலம், அதன் வளிமண்டலத்துக்குள் விழுந்து அளக்க ஒரு சிறுகலம், மதிப்பு சுமார் 420 கோடி டாலர். இரண்டாமிடம் சனியின் துணைக்கோள் என்செலடஸில் இறங்கும் கலத்துக்கு.

ஏன் யுரேனஸ்? வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில் இருப்பவை ஏராளமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வகையைப் புரிந்துகொள்ள நம் வீட்டருகே இருப்பவை யுரேனஸும் நெப்டியூனும்தான். அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சில மணி நேரத் தரவிலிருந்து வந்தது. வாயேஜர் 2 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸின் மேகங்களுக்கு மேலே 81,500 கிலோமீட்டர் தொலைவில் பறந்து போனது. யுரேனஸின் காந்த அச்சு, சுழலும் அச்சிலிருந்து கிட்டத்தட்ட 60 பாகை சாய்ந்திருப்பதும், கோளின் மையத்தை விட்டு விலகியிருப்பதும் அன்றுதான் தெரிந்தது. காந்தமண்டலம், அதாவது கோளின் காந்தப்புலம் ஆளும் வெளி, ஏறக்குறைய வெறுமையாக, அதே நேரம் கதிர்வீச்சுப் பட்டைகள் மிகக் கடுமையாக இருந்தது எங்கள் துறையையே பல காலம் குழப்பியது. 2024-இல் அந்தப் பழைய தரவை மறுபடி அலசியபோது ஒன்று தெரிந்தது. கலம் போய்ச்சேருவதற்குச் சில நாள் முன்பு பலத்த சூரியக் காற்று வீசி அந்தக் காந்தமண்டலத்தை நசுக்கியிருந்தது. அப்படியொரு நிலை நூற்றில் நான்கு பங்கு நேரத்தில்தான் இருக்கும். அசாதாரணமான ஒரு நாளைப் பார்த்துவிட்டு, அதுதான் யுரேனஸின் இயல்பு என்று பாடநூல்களில் எழுதிவைத்திருந்தோம். ஒரே ஒரு தடவை கடந்து போவதில் இருக்கும் ஆபத்து இதுதான். சுற்றிவந்து பார்த்தால்தான் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று தெரியும்.

சரி, இதோடு நிறுத்துகிறேன். யுரேனஸ் ஏன் அவசரம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செம்புழுதி

நிலா அக்கா எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பட்டியலின் முதல் வரியை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டீர்கள்.

நாசாவின் பெர்செவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரியில் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்தில் ஆறு வந்து ஏரியில் கலந்த இடம் அது. அங்கே பாறையைத் துளைத்து டைட்டானியக் குழாய்களில் மாதிரிகளை அடைத்துவருகிறது. 2024 ஜூலையில் செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்த பாறையில் ஒரு மாதிரி எடுத்தார்கள், அதற்கு சஃபையர் கேன்யன் என்று பெயர். சிறுத்தைப் புள்ளி மாதிரி வெளிர்ந்த நடுவும் கருத்த விளிம்பும் கொண்ட தடங்கள், கரிமப் பொருள், இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்ஃபைடு கனிமங்கள். பூமியில் இப்படி ஒரு கூட்டு பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலையாக இருக்கும். உயிர் இல்லாமலும் உருவாகலாம் என்பதால்தான் 2025 செப்டம்பரில் வந்த கட்டுரை அதைச் சாத்தியமான உயிர்த்தடயம் என்ற அளவில் நிறுத்தியது. எது உண்மை என்று தீர்க்க பூமியில் இருக்கும் ஆய்வகம் வேண்டும். அந்தக் குழாய் இப்போது செவ்வாயில் இருக்கிறது.

கொண்டுவரும் திட்டம் என்ன ஆனது? 2022 அறிக்கை அதற்கு 530 கோடி டாலர் என்று கணக்கு வைத்தது. 2023-இல் ஒரு தனிக்குழு 800 முதல் 1,100 கோடி வரை ஆகும் என்றது. 2024 ஏப்ரலில் நாசாவே, இந்தச் செலவும் தாங்காது, 2040 வரை காத்திருக்கவும் முடியாது என்று சொன்னது. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் பட்ஜெட் முன்மொழிவு திட்டத்தையே கைவிடச் சொன்னது. பட்டியலில் முதலிடம் பிடித்ததன் கதி இது. சீனா தியான்வென்-3 கலத்தை 2028 வாக்கில் அனுப்பி, 2031 வாக்கில் செவ்வாய் மண்ணைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது.

குழாய்கள் கெட்டுப்போகாது, காத்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். த்ரீ ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் பத்துக் குழாய்களைத் தரையில் பாதுகாப்பாக இறக்கிவைத்திருக்கிறார்கள். அந்த வேலை 2023 ஜனவரியிலேயே முடிந்தது. சஃபையர் கேன்யன் அதற்குப் பிறகு எடுத்தது, ஆகவே அந்தப் பத்தில் இல்லை. ரோவரின் வயிற்றுக்குள் இருக்கிறது. ரோவர் நின்றுபோனால் அதை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். டீச்சர், தொடங்கிய வேலையை முடிப்பதும் அறிவியல் முன்னுரிமைதான். புதுக் கதவைத் திறப்பதைவிட அதற்கு எப்போதும் ஆதரவு குறைவாக இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

பாறை_சேலம்

இஸ்ரோ பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். புவியியல் படித்தவன். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளை மாணவனாக இருந்தபோதே சுத்தி கொண்டு உடைத்துப் பார்த்தவன். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட், நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு மிக நெருக்கமானது. அதை அரைத்துத்தான் சந்திரயான் ரோவரும் லேண்டரும் பழகிப் பார்ப்பதற்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தார்கள். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. பிரக்யான் ரோவர் தன் எக்ஸ்-கதிர் கருவியால் 23 இடங்களில் மண்ணை அளந்தது. அந்த அளவுகள் அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தபோது, தென்துருவப் பக்கத்து மண்ணும் அதே அனார்த்தோசைட் வகைதான் என்று தெரிந்தது. நிலவு முழுக்க ஒரு காலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. சின்னக் கருவி, தெளிவான கேள்வி, நேரான விடை.

இஸ்ரோவில் பெரும்பாலும் இப்படி நடக்கும்: எந்த ராக்கெட், எவ்வளவு எடை, எந்தச் சுற்றுப்பாதை என்பது முதலில் முடிவாகும். பிறகு கருவிகளுக்கு முன்மொழிவு கேட்பார்கள். வெள்ளிக் கோளுக்கான கலத்துக்கு 2017-இல் அப்படித்தான் அறிவிப்பு வந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். அதே நாளில் நிலவு மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4-க்கு 2,104 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். மங்கள்யான் 450 கோடியில் செவ்வாயைச் சுற்றியதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதில் அறிவியல் கருவிகளுக்குக் கிடைத்த எடை மொத்தமே 15 கிலோ. முதல் நோக்கம் செவ்வாய் வரை போகும் தொழில்நுட்பத்தைக் காட்டுவது. அதை மிக அழகாகச் செய்தது.

இனி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்பது என் கருத்து. கேள்விகளைப் பொதுவில் வைத்து விவாதித்து, பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் எழுதி அனுப்பி, பத்தாண்டுக்கு ஒரு தடவை பட்டியல் போடும் வழக்கம் நம் கோள் அறிவியலில் வேரூன்ற வேண்டும். பெரிய விஷயங்கள் அதில்தான் வெளியே வரும். உதாரணத்துக்கு, சந்திரயான்-4 கொண்டுவரும் மண்ணை ஆராயப் போகிறவர்கள் இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கான ஆய்வகமும் பயிற்சியும் அந்தத் திட்டத்தின் பாகமாக இப்போதே தொடங்க வேண்டும். மண் வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் பத்து வருடம் போய்விடும்.

சந்திரயான்-1-ஐயும் நினைத்துப் பாருங்கள். 2008-இல் கிளம்பிய அந்தக் கலத்தில் நம் கருவிகளோடு மற்ற நாடுகளின் கருவிகளையும் ஏற்றிக்கொண்டோம். நிலவின் தரையில் நீரின் தடயத்தைக் கண்ட முக்கியமான கருவிகளில் ஒன்று நாசாவுடையது. இடம் கொடுத்தது நாம். அந்த முடிவு எடுத்தவர்களுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

கயல்விழி_டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சித்தம்பூண்டி எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை, தலைமையாசிரியரிடம் பேசி ஒரு சுற்றுலாவுக்கு அனுமதி வாங்கப் பார்க்கிறேன்.

நிலா, இரண்டு கேள்வி. யுரேனஸ் ஏன் அவசரம் என்று சொல்கிறேன் என்றீர்களே, அது என்ன? அப்புறம், செம்புழுதி சொன்னதைப் பார்த்தால் முதலிடத்தில் இருப்பதே கைவிடப்படும்போது இந்தப் பட்டியலுக்கு என்ன பலம்? பணம் குறைந்தால் எதை விடுவது என்பதையும் அவர்களே சொல்கிறார்களா?

நிலா_வெளிக்கோள்

சொல்கிறார்கள் டீச்சர். என்னைக் கேட்டால், அறிக்கையில் மிக முக்கியமான பக்கங்களே அவைதான். 2011 அறிக்கை பணம் சுருங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது: முதலில் பெரிய திட்டத்தைச் சுருக்கு அல்லது தள்ளிப்போடு, நடுத்தர, சிறு திட்டங்களில் அதன் பிறகுதான் கை வை, ஆராய்ச்சி நிதியையும் தொழில்நுட்ப நிதியையும் காப்பாற்று. ஒரு பெரிய கலம் வீங்கி, பத்துச் சிறு கலங்களை விழுங்கிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. 2022 அறிக்கை செவ்வாய் மாதிரிகளுக்கே ஒரு வரம்பு எழுதிவைத்தது. 530 கோடியைத் தாண்டி 20 சதவீதத்துக்கு மேல் போனாலோ, ஏதாவது ஓர் ஆண்டில் கோள் அறிவியல் பட்ஜெட்டில் சுமார் 35 சதவீதத்தைத் தாண்டினாலோ, மற்ற திட்டங்களின் பணத்தை எடுக்காமல் அரசிடம் கூடுதல் நிதி கேள் என்றது. அதைத் தாண்டி செலவு போய்விட்டது என்பதால்தான் செம்புழுதி சொன்ன நிலைமை வந்தது. அவருடைய ஆதங்கம் முழுக்க நியாயமானது. சஃபையர் கேன்யன் ரோவரின் வயிற்றில் இருக்கிறது என்ற தகவலை நானும் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

பட்டியலுக்குப் பலம் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புளூட்டோ திட்டத்தை அரசு பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2002 அறிக்கை, நடுத்தரத் திட்டங்களில் புளூட்டோவுக்கும், நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டைக்கும் முதலிடம் கொடுத்தது. காரணமும் சொன்னது: புளூட்டோ சூரியனை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது, வளிமண்டலம் உறைந்து தரையில் படிந்துவிடலாம், வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகமெடுக்கும் வாய்ப்பும் போய்விடும். அந்த அறிக்கையைக் காட்டித்தான் பணத்தை மீட்டார்கள். நியூ ஹொரைசன்ஸ் 2006 ஜனவரி 19 அன்று கிளம்பி, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தது. அந்த இதயவடிவ நைட்ரஜன் சமவெளி உங்கள் பிள்ளைகளின் சார்ட்டில் இருக்கிறதென்றால், ஒரு அறிக்கையின் முன்னுரிமைப் பட்டியலும் அதற்கு ஒரு காரணம். அரசியலும் உண்டு. யுரோப்பாவுக்கு நிதி கிடைத்ததில் டெக்சாஸ் பிரதிநிதி ஜான் கல்பர்சனின் பங்கு பெரிது. பட்டியல் இருந்தால் அரசியல்வாதி பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கும், அப்படித்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது யுரேனஸின் அவசரம். இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

ஒன்று வியாழனுடையது. 2031, 2032-இல் கிளம்பினால் வியாழனின் ஈர்ப்பு உதவியோடு சுமார் 13 ஆண்டில் போய்ச் சேரலாம். அதைத் தவறவிட்டால் உட்கோள்களைச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட வழிகள்தான்.

இரண்டாவது யுரேனஸுடையது. அது 98 பாகை சாய்ந்து, படுத்தபடி சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு. ஒவ்வொரு முனைக்கும் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. அதன் துணைக்கோள்களுக்கும் அதே கணக்கு. வாயேஜர் 2 போன 1986-இல் தென்முனை சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிராண்டா, ஏரியல், அம்பிரியல், டைட்டானியா, ஓபரான் ஐந்திலும் தென்பாதியைத்தான் படமெடுத்தது. வடபாதிகள் இருளில் இருந்தன. அவற்றை இதுவரை எந்தக் கலமும் படமெடுத்ததில்லை. 2007-இலிருந்து வடக்கே வெளிச்சம். 2050-ஐ ஒட்டிச் சம பகலிரவு நாள் வரும், அதன் பிறகு வடமுனைகள் மறுபடி இருட்டுக்குள் போகத் தொடங்கும். 2032-இல் கிளம்பி 2045-இல் சேரும் கலம் வடபாதிகளைப் பார்க்கும். 2038-இல் கிளம்பி 2050-களில் சேரும் கலத்துக்கு, வாயேஜர் பார்த்த அதே பாதிதான் நன்றாகத் தெரியும். புளூட்டோனியம் தட்டுப்பாட்டால் 2030-களின் நடுவுக்கோ கடைசிக்கோ முன்னால் முடியாது என்ற பேச்சு நாசாவிலேயே இருக்கிறது. திட்டம் இன்னும் முறையாகத் தொடங்கவுமில்லை. எனக்குத் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கில்தான்.

பாறை சேலம் கவனத்துக்கு ஒன்று: சந்திரயான்-3-இன் உந்துகலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த, ஒரு வாட் வெப்பம் தரும் இரண்டு கதிரியக்க வெப்பமூட்டிகள் இருந்தன. வியாழனுக்கு அப்பால் நாமும் போக நினைத்தால் வளர்க்க வேண்டிய விதை அது. நம் பட்டியல் என்று ஒன்று வந்தால் இதுவும் அதில் இருக்க வேண்டும்.

கயல்விழி_டீச்சர்

வடபாதி விஷயத்தைக் கேட்டதும் அந்த மாணவி உடனே நோட்டை எடுத்து 2045-இல் தனக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டாள். பிறகு அவளே கேட்கச் சொன்ன கேள்வி: யுரேனஸ் கலத்திலேயே பணம் குறைந்தால் எதை விடக்கூடாது?

நிலா_வெளிக்கோள்

விழும் சிறுகலத்தை. நான் காந்தப்புலக்காரி, என் கருவி சுற்றும் கலத்தில்தான் இருக்கும். இருந்தாலும் என் பதில் இதுதான்.

காரணத்தை அவளுக்குச் சொல்லுங்கள். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வாயுக்கள் எதோடும் சேராது, அதனால் கோள் உருவான காலத்துக் கணக்கை அப்படியே வைத்திருக்கும். ஆனால் தூரத்திலிருந்து தொலைநோக்கியால் அவற்றை நம்பகமாக அளக்க வழியில்லை. உள்ளே போய் முகர்ந்து பார்க்க வேண்டும். வியாழனில் ஒரே ஒரு தடவை அது நடந்தது. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் சிறுகலம் உள்ளே விழுந்து, செயலிழந்து போகும்வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தரவு அனுப்பியது. ஆர்கானும் கிரிப்டானும் செனானும் சூரியனில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நியான் மட்டும் சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு. வியாழனின் ஆழத்தில் ஹீலியம் மழையாகப் பெய்கிறது, நியான் அதில் கரைந்து கீழே போய்விடுகிறது என்ற விளக்கத்துக்கு அந்த ஒரு எண் பெரிய சான்று. எந்தப் படமும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

யுரேனஸுக்கு உள்ளே போய் அளந்த அப்படிப்பட்ட எண்கள் நம்மிடம் ஒன்றுகூட இல்லை. அது இப்போது இருக்கும் இடத்திலேயே உருவானதா, சூரியனுக்கு இன்னும் அருகில் உருவாகி வெளியே நகர்ந்ததா என்பதற்கு அந்த எண்கள் இல்லாமல் உறுதியான விடை கிடைக்காது. கேமராவைச் சின்னதாக்கலாம், சுற்றும் ஆண்டுகளைக் குறைக்கலாம், ஒரு கருவியை வேறு நாடு தரட்டும் என்று கேட்கலாம். ஐரோப்பியர்கள் ஏற்கெனவே அதில் ஆர்வமாக இருக்கிறார்கள். சிறுகலத்தை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறையும் அதே கேள்வியோடு இன்னொரு கருத்துத்தாள் எழுத வேண்டிவரும்.